செமி ஹாலோ கிட்டாருக்குப் புது பிக்கப்: ஓம் கணக்கை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

செமி ஹாலோ கிட்டார் வைத்திருப்பவர்கள் ஸ்ட்ரிங்கின் அசைவை மின்சாரமாக்கும் பிக்கப்பைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லும் குறை ஒன்றுதான்: கழுத்துப் பக்கம் உள்ள நெக் பிக்கப் கொழகொழவென்று கேட்கிறது, ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் பிரிட்ஜின் பக்கம் உள்ள பிரிட்ஜ் பிக்கப் மெலிந்து காதைக் குத்துகிறது. உடனே யாராவது பிக்கப்பை மாற்றிவிடு என்பார்கள். கடைப் பட்டியலைத் திறந்தால் அல்நிக்கோ 2, அல்நிக்கோ 5, 7.8 கே, 8.4 கே, பிஏஎஃப், மெழுகு போட்டது, போடாதது, இரண்டு ஒயர், நாலு ஒயர், 50 மில்லிமீட்டர், 52 மில்லிமீட்டர் என்று எண்களும் பெயர்களும் வரிசை கட்டி நிற்கும். இதில் எது காதுக்குக் கேட்கும், எது விளம்பரம், எது தவறினால் கிட்டாரில் பொருந்தவே பொருந்தாது என்று பிரித்துத் தெரிந்துகொள்ளாமல் வாங்கினால் பணம் போகும், குறை அப்படியே இருக்கும். அதனால் அடிப்படையிலிருந்தே தொடங்குவோம்.

## கிட்டாரின் உடம்பு என்ன செய்கிறது

செமி ஹாலோ என்றால் பாதி கூடு. 1958ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் கலமசூவில் இருந்த கிப்சன் தொழிற்சாலையிலிருந்து இஎஸ்-335 வந்தபோதுதான் இந்த அமைப்புக்கு ஒரு நிலையான வடிவம் கிடைத்தது. இன்று எபிஃபோன் டாட், ஷெரட்டன், ஐபனீஸ் ஆர்ட்கோர் ஏஎஸ் வரிசை என்று விற்பவை எல்லாம் அந்த வழியில் வந்தவை. மேலும் கீழும் மெல்லிய மேப்பிள் பிளைவுட். இரண்டு இறக்கைகளும் காலிக் கூடு. நடுவில் கழுத்திலிருந்து கடைசிவரை ஒரு கனமான மரக்கட்டை ஓடும். பிரிட்ஜும் இரண்டு பிக்கப்புகளும் அந்த நடுக்கட்டையின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

இந்தக் கட்டை வந்த காரணம் ஃபீட்பேக். அதற்கு முந்தைய முழுக்கூடு எலக்ட்ரிக் கிட்டார்களை ஆம்பின் ஒலியைக் கூட்டி வாசித்தால் ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி கூட்டை அதிரவைக்கும், கூடு ஸ்ட்ரிங்கை அதிரவைக்கும், ஸ்ட்ரிங் மறுபடி ஆம்புக்குப் போகும், சுற்றிச் சுற்றி ஊளையில் முடியும். நடுக்கட்டை அதைப் பெரும்பாலும் அடக்கியது, ஆனால் முழுவதும் இல்லை. இறக்கைகள் இன்னும் கூடுதானே. தன் கிட்டாருக்கெல்லாம் லூசில் என்று பெயர் வைத்த புளூஸ் கலைஞர் பி.பி. கிங், மேல்பலகையில் உள்ள எஃப் வடிவ ஓட்டைகளுக்குள் துணியை அடைத்து வாசித்தவர். 1980ல் கிப்சன் அவர் பெயரில் வெளியிட்ட லூசில் மாடலில் எஃப் ஓட்டையே கிடையாது, மூடிவிட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கூட்டின் ஒலி பிக்கப்புக்கு நேராகப் போவதில்லை. கூடு ஸ்ட்ரிங்கிலிருந்து கொஞ்சம் சக்தியை வாங்கிக்கொள்கிறது, சில சுரங்களில் அதிகமாக, சில சுரங்களில் குறைவாக. அதனால்தான் செமி ஹாலோவில் சுரம் பட்டென்று மலர்ந்து, திடக்கட்டை கிட்டாரைவிடச் சற்று சீக்கிரம் அடங்குகிறது. இந்தக் குணம் ஸ்ட்ரிங்கின் அசைவிலேயே இருக்கிறது. பிக்கப் அதைக் காட்டும் அல்லது மறைக்கும், உண்டாக்காது.

## பிக்கப் என்பது ஒரு வடிகட்டி

பள்ளியில் படித்த ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல்தான் இதுவும். பிக்கப்புக்குள் இருக்கும் காந்தம் மேலே இருக்கும் எஃகு ஸ்ட்ரிங்கையும் கொஞ்சம் காந்தமாக்குகிறது. ஸ்ட்ரிங் அசைந்தால் காயிலுக்குள், அதாவது கம்பிச் சுருளுக்குள், காந்தப்புலம் மாறும், காயிலில் மின்னழுத்தம் பிறக்கும். ஒரே காயில் என்றால் சிங்கிள் காயில். அது ஸ்ட்ரிங்கை மட்டும் கேட்பதில்லை, அறையில் ஓடும் மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்துக் கேட்கும் (நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60). காந்தத் துருவமும் காயில் சுற்றும் ஒன்றுக்கொன்று எதிராக இருக்கும்படி இரண்டு காயில்களைச் சேர்த்தால் இரைச்சல் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும், ஸ்ட்ரிங்கின் ஒலி மட்டும் கூடும். அதுதான் ஹம்பக்கர்.

காயில் வேறொன்றும் செய்கிறது. அதன் இன்டக்டன்ஸ், பாடநூலில் தன் மின்தூண்டல் எண் என்று படித்தது, கேபிளின் மின்தேக்குத்திறனோடு சேர்ந்து ஒரு ஒத்ததிர்வை உண்டாக்கும். அந்த அதிர்வெண்ணுக்குக் கீழே இருப்பதெல்லாம் ஒழுங்காகக் கடக்கும். அந்த இடத்தில் ஒலி ஒரு மேடுபோல எழும். அதற்கு மேலே வேகமாகச் சரிந்துவிடும். பிக்கப்பின் குரல் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த மேடு எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரம் என்பதுதான்.

கணக்கு போட்டுப் பார்த்தால் தெளிவாகும். காயிலின் சொந்த மின்தேக்குத்திறனை 100 பிக்கோஃபேரட் என்றும், கேபிளை மீட்டருக்கு 100 பிக்கோஃபேரட் என்றும் வைத்துக்கொள்வோம், இரண்டும் நடைமுறையில் சாதாரணமான அளவுகள்.

1. 4.5 ஹென்ரி (இன்டக்டன்ஸின் அலகு) உள்ள மிதமான ஹம்பக்கர், 6 மீட்டர் கேபிள்: மேடு சுமார் 2,800 ஹெர்ட்ஸில்.
2. 8 ஹென்ரி உள்ள அதிகம் சுற்றிய ஹம்பக்கர், அதே கேபிள்: சுமார் 2,100 ஹெர்ட்ஸில்.
3. முதல் பிக்கப்பே, கேபிள் மட்டும் 3 மீட்டர்: சுமார் 3,750 ஹெர்ட்ஸில்.

இரண்டாவதில் மேடு கீழே இறங்கியதால் நடுச்சுரங்கள் தடித்து மேல்சுரங்கள் மங்கும். கூட்டின் காற்றோட்டமான குணம் கேட்பதே அந்த மேல்பகுதியில்தான், அது அங்கேயே வெட்டுப்பட்டுவிடும். மூன்றாவதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பிக்கப்பைத் தொடவே இல்லை, கேபிளைப் பாதியாகக் குறைத்ததில் ஒத்ததிர்வு 900 ஹெர்ட்ஸுக்கும் அதிகமாக மேலே போய்விட்டது. கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் பஃபர் (சிக்னலைத் தாங்கி அனுப்பும் சிறு சுற்று) உள்ள பெடல் இருந்தால், பெடல்வரை உள்ள கேபிள் மட்டும்தான் இந்தக் கணக்கில் வரும்.

## அந்த ஓம் எண் ஏன் ஏமாற்றும்

கடைகள் பெரிதாகப் போடும் எண் மின்தடை, கிலோ ஓமில், சுருக்கமாகக் கே. மல்ட்டிமீட்டரில் யாரும் அளந்துவிடலாம் என்பதால்தான் அந்த எண் இவ்வளவு பரவியது. அது அதிகமானால் பிக்கப் பலமானது என்ற எண்ணம் பாதிதான் உண்மை.

1. கம்பியின் தடிமன் மாறினால் மின்தடை மாறும். பழைய ஹம்பக்கர்களில் 42 நம்பர் கம்பி, தலைமுடி அளவு மெல்லியது; நம்பர் கூடினால் கம்பி இன்னும் மெலியும். அதே சுற்றுகளை 43 நம்பரில் சுற்றினால் கிட்டத்தட்ட 25 சதவீதம் கூடுதலாகக் காட்டும். ஒலி அந்த அளவுக்கெல்லாம் மாறாது.
2. வெப்பம் ஏறினால் மின்தடை ஏறும். தாமிரத்துக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 0.39 சதவீதம். 20 டிகிரி அறையில் 8.0 கே காட்டும் பிக்கப், 35 டிகிரி மதியத்தில் 8.47 காட்டும். வந்த பிக்கப் பட்டியலில் சொன்னதைவிட அதிகம் காட்டுகிறது என்று கடையோடு சண்டைக்குப் போகுமுன் அறையின் வெப்பத்தைப் பாருங்கள்.
3. வேறு வேறு வகைகளை இந்த எண்ணால் ஒப்பிடவே முடியாது. ரே பட்ஸ் வடிவமைத்து கிரெட்ஷ் கிட்டார்களில் வந்த ஃபில்டர்ட்ரான் வெறும் 4 கே அளவில் இருக்கும். அதை வைத்து அது வலுவில்லாத பிக்கப் என்று சொன்னால், கேட்டவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஒரே நிறுவனம், ஒரே வகை, ஒரே கம்பி என்றால் மட்டும் 7.4 கேவும் 8.4 கேவும் எது அதிகம் சுற்றியது என்று சொல்லும். அதற்கு அந்த எண் பயன்படும். இன்டக்டன்ஸ் அளவை வெளியிடும் நிறுவனங்களும் உண்டு, இருந்தால் அதையே முதலில் பாருங்கள். 4 முதல் 5 ஹென்ரி என்றால் பழைய பாணி, 7, 8 என்றால் ராக் வாசிப்புக்கான பாணி.

## காந்தமும் மூடியும்

அல்நிக்கோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் மூன்றின் முதலெழுத்துகள், கூடவே இரும்பும் உண்டு. ஹம்பக்கரில் காந்தம் காயில்களுக்கு அடியில் ஒரு சிறு பட்டையாகக் கிடக்கும். அல்நிக்கோ 2 மென்மை, அடிச்சுரங்கள் கொஞ்சம் தளர்ந்திருக்கும், மீட்டிய வேகம் வட்டமாகக் கேட்கும். அல்நிக்கோ 5 பலம் கூடியது, அடிச்சுரம் இறுக்கம், மேலே பளிச்சென்று இருக்கும். செராமிக் இன்னும் பலம். ஆனால் காந்தத்தை மட்டும் வைத்து முடிவு செய்பவர்கள் பாதையைத் தவறவிடுகிறார்கள் என்பதுதான் என் கருத்து, சுற்றின் அளவு கொண்டுவரும் மாற்றம் காந்தம் கொண்டுவரும் மாற்றத்தைவிடப் பெரியது.

பிக்கப்பின் மேல் உள்ள உலோக மூடி பலர் யோசிக்காத இடம். நல்ல மூடிகள் நிக்கல் சில்வரில் செய்தவை, பெயரில் வெள்ளி இருந்தாலும் அது தாமிரம், நிக்கல், துத்தநாகக் கலவை. விலை குறைந்த பிக்கப்புகளில் பித்தளை மூடி வரும், மேலே பூச்சு பளபளக்கும். பித்தளை நன்றாக மின்சாரம் கடத்துவதால் அதில் சுழல் மின்னோட்டம் அதிகம் உண்டாகி, மேல்சுரங்களை விழுங்கிவிடும். புகார் மங்கலைப் பற்றியது என்றால், கையில் இருக்கும் பிக்கப்பின் மூடி என்ன உலோகம் என்று முதலில் பாருங்கள்.

## பிஏஎஃப் என்றால் என்ன, ஏன் எல்லோரும் அதையே சொல்கிறார்கள்

கிப்சனில் பொறியாளராக இருந்த செத் லவர் ஹம்பக்கருக்கு 1955ல் காப்புரிமை விண்ணப்பித்தார், 1959ல் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் பிக்கப்பின் அடியில் காப்புரிமை விண்ணப்பிக்கப்பட்டுள்ளது என்ற ஆங்கில ஸ்டிக்கர் ஒட்டினார்கள், அந்த மூன்று சொற்களின் முதலெழுத்துகள்தான் பிஏஎஃப். உரிமம் வந்த பிறகும் சில ஆண்டுகள் அதே ஸ்டிக்கர் தொடர்ந்தது. இஎஸ்-335 பிறந்தபோது அதில் இருந்தவை இவைதான்.

சரி, இன்று யார் பிஏஎஃப் பாணி என்று விற்றாலும் எந்த பிஏஎஃப் என்று கேட்க வேண்டும். அன்று சுற்றுகளைக் கறாராக எண்ணவில்லை. ஒரு காயிலுக்குச் சுமார் 5,000 சுற்று, சிலவற்றில் கூட, சிலவற்றில் குறைவு. இரண்டு காயிலும் சமமாக இருப்பதே அரிது. கையில் கிடைத்த அல்நிக்கோ வகையைப் போட்டார்கள். 7 கேயும் உண்டு, 9 கேயும் உண்டு. ஆகவே அந்தச் சொல் ஒரு குறிப்பிட்ட ஒலியைச் சொல்வதில்லை. மிதமான சுற்று, 42 நம்பர் எனாமல் கம்பி, அல்நிக்கோ காந்தம் என்ற ஒரு குடும்பத்தைத்தான் சொல்கிறது. அந்தக் குடும்பம் செமி ஹாலோவுக்கு இன்றும் பொருந்துவதற்குக் காரணம் பழமையின் மேல் உள்ள மோகம் இல்லை. கிட்டார் தரும் மேல்சுரங்களை அது வெட்டாமல் விடுகிறது, அவ்வளவுதான்.

## ஊளை இரண்டு வகை, மெழுகு ஒன்றுக்குத்தான் மருந்து

செமி ஹாலோ வாங்கியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. ஃபீட்பேக் என்று ஒரே சொல்லில் சொல்கிறோம், உண்மையில் இரண்டு உண்டு.

1. உடம்பு ஊளை. தாழ்ந்த அல்லது நடுத்தர ஒலியில், குறிப்பிட்ட சில சுரங்களில் கிளம்பும். உள்ளங்கையை ஸ்ட்ரிங்குகள் மேல் அழுத்தினால் நின்றுவிடும் அல்லது நன்றாகக் குறையும். கூடு, ஸ்ட்ரிங், ஸ்பீக்கர் மூன்றும் சேர்ந்த சுற்று இது. பிக்கப் மாற்றி இதைத் தீர்க்க முடியாது.
2. பிக்கப் கீச்சொலி. விசில் போன்ற உயர்ந்த ஒலி. ஸ்ட்ரிங்குகளை முழுக்க அமுக்கினாலும் நிற்காது. காயிலின் கம்பியோ மூடியோ தளர்ந்து, தானே அதிர்கிறது, மைக்ரோஃபோன்போல வேலை செய்கிறது.

சோதிப்பது எளிது. ஆம்பை ஓரளவு ஏற்றி, ஸ்ட்ரிங்குகளை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, பிக்கப்பின் மூடியை விரல் நகத்தால் மெல்லத் தட்டுங்கள். டொக் டொக் என்று ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டால் அந்த பிக்கப் மைக்ரோஃபோனிக். எல்லா பிக்கப்பிலும் கொஞ்சம் கேட்கும், நல்ல பிக்கப்பில் மங்கலாகக் கேட்கும்.

இந்த இரண்டாவது வகைக்குத்தான் மெழுகு. காயிலைப் பாரஃபின் மெழுகும் தேன்மெழுகும் கலந்த கரைசலில் ஊறவைத்து எடுப்பார்கள், கம்பிகளுக்கு நடுவில் மெழுகு இறங்கி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். அன்றைய பிஏஎஃப்புகளுக்கு மெழுகு கிடையாது, அதனால்தான் பழைய ஒலியை அப்படியே தரவேண்டும் என்று இன்றும் சிலர் மெழுகில்லாமல் செய்கிறார்கள், பிக்கப் நிறுவனமான சீமோர் டங்கனின் செத் லவர் மாடல் அப்படிப்பட்டது. கிப்சனின் கிளாசிக் 57 மெழுகு போட்டது. மெழுகில்லாத பிக்கப்பில் சுரத்துக்கு மேலே ஒரு மெல்லிய காற்று ஒலி சேர்கிறது என்று அதை விரும்புபவர்கள் சொல்வார்கள். வீட்டிலும் சின்ன இடத்திலும் சுத்தமான ஒலியில் வாசிப்பவருக்கு அது நல்ல தேர்வு. டிரம்ஸ் பக்கத்தில் நின்று டிஸ்டார்ஷன் போட்டு வாசிப்பவர் மெழுகு போட்டதையே வாங்கட்டும், ஏற்கெனவே பாதிக் கூடாக இருக்கும் கிட்டாரில் இன்னொரு ஊளையைக் காசு கொடுத்துச் சேர்க்க வேண்டியதில்லை.

## வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

நெக் பிக்கப் கொழகொழப்பில் பாதி உயரத்தால் வருவது. கடைசி ஃபிரெட்டில் ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடித்து, ஸ்ட்ரிங்கின் அடிக்கும் பிக்கப்பின் திருகுத் தலைக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். நெக்கில் 2.4 மில்லிமீட்டர், பிரிட்ஜில் 1.6 மில்லிமீட்டர் என்பது நல்ல தொடக்கம். அங்கிருந்து நெக் பிக்கப்பை, குறிப்பாகத் தடித்த ஸ்ட்ரிங் பக்கத்தை, அரைச்சுற்று அரைச்சுற்றாக இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் அதே நாலு கார்டை வாசியுங்கள். பிறகு பிக்கப் முழுவதையும் இறக்கிவிட்டு ஒவ்வொரு திருகையும் தனித்தனியாகக் கொஞ்சம் மேலே தூக்கினால் ஒலி இன்னும் தெளியும். செலவு ஒரு ஸ்க்ரூ டிரைவர்தான்.

அடுத்து பாட், அதாவது குமிழைத் திருப்பினால் மாறும் மின்தடை. வால்யூம், டோன் இரண்டும் 500 கே என்றால் முழுக்கத் திறந்த நிலையில் பிக்கப் பார்க்கும் சுமை 250 கே. 300 கே பாட் இருந்தால் சுமை கூடி அந்த ஒத்ததிர்வு மேடு தட்டையாகும், ஒலி மங்கும். 1970களில் கிப்சனே பல மாடல்களில் 300 கே வால்யூம் பாட் போட்டது. 500 கே என்று அச்சடித்த பாட் 20 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம், அதாவது 400ம் காட்டும், 600ம் காட்டும். அளந்து, அதிகம் காட்டுவதை நெக் வால்யூமுக்குப் போடுவது ஒரு நல்ல வழக்கம்.

இவற்றையெல்லாம் செய்து, குட்டைக் கேபிளிலும் வாசித்துப் பார்த்த பிறகும் குறை அப்படியே இருந்தால், அப்போது பிக்கப்தான் காரணம்.

## யாருக்கு எது

ஜாஸ், புளூஸ், மெலடி, சுத்தமான ஒலி, கொஞ்சம் ஆம்ப் உறுமல்: பிஏஎஃப் குடும்பம்தான். நெக்கில் 7.2 முதல் 7.6 கே, பிரிட்ஜில் 8 முதல் 8.4 கே. நெக் பக்கம் ஸ்ட்ரிங் அதிகம் ஆடும், பிரிட்ஜ் பக்கம் குறைவாக ஆடும், ஆகவே பிரிட்ஜில் சுற்று கூடுதலாக இருந்தால்தான் இரண்டும் சமமாகக் கேட்கும். ஜோடியாக விற்கும் செட்டுகள் இதை ஏற்கெனவே கணக்கில் எடுத்தவை, தனித்தனியாக வாங்குவதைவிட அதுவே பாதுகாப்பு. கிட்டார் இயல்பிலேயே பளிச்சென்று இருந்தால் அல்நிக்கோ 2. அடிச்சுரம் பரவிக் கிடந்தால் அல்நிக்கோ 5, சீமோர் டங்கன் 59 அந்த வகை.

கனமான ராக் வாசிப்பவருக்கு ஆசை பலமான பிக்கப் மேல் போகும். சீமோர் டங்கனின் ஜேபி போன்றவை 16 கேக்கு மேலே. டிமார்சியோவின் சூப்பர் டிஸ்டார்ஷன் செராமிக் காந்தம். திடக்கட்டை கிட்டாரில் அவை பிரமாதமாக வேலை செய்கின்றன. செமி ஹாலோவில் போட்டால் இரண்டு நடக்கும்: கூட்டின் குணம் மறையும், ஒலி அளவு கூடுவதால் உடம்பு ஊளை சீக்கிரம் கிளம்பும். கூட்டின் குணம் வேண்டாம் என்றால் செமி ஹாலோ எதற்கு? கூடுதல் பலம் வேண்டுமானால் முன்னால் ஒரு பூஸ்ட் பெடல் வையுங்கள், வேண்டும்போது மிதிக்கலாம், வேண்டாதபோது கிட்டார் பழையபடி பேசும். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

பி-90 தனிக்கதை. ஒற்றை அகலக் காயில், நடுவில் கரகரப்பு, மீட்டும் விரலின் வேகம் முழுக்கக் கேட்கும். 1961ல் வந்த எபிஃபோன் கசினோவில் இருப்பது இதுதான், ஆனால் அதில் நடுக்கட்டையே கிடையாது, முழுக்கூடு. நடுக்கட்டை உள்ள கிட்டாரில் பி-90 ஒலி வேண்டுமென்றால் ஹம்பக்கர் அளவிலேயே செய்த பி-90 கிடைக்கிறது, மரத்தை வெட்ட வேண்டியதில்லை. கிப்சனின் பி-94, சீமோர் டங்கனின் ஃபேட் கேட் இரண்டும் அப்படி. இரைச்சல் இருக்கும் என்று தெரிந்தே வாங்குங்கள். நெக்கும் பிரிட்ஜும் எதிர்ச்சுற்றில் வந்த செட் என்றால் இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும் நடு நிலையில் இரைச்சல் வெட்டுப்படும்.

## பொருந்துமா என்று அளக்க வேண்டியவை

1. ஸ்ட்ரிங் இடைவெளி. முதல் ஸ்ட்ரிங்கிலிருந்து ஆறாவதுவரை பிக்கப்புக்கு மேலே எவ்வளவு என்று அளவுகோலை வைத்துப் பாருங்கள். கிப்சன் பாணியில் பிக்கப் திருகுகளின் இடைவெளி சுமார் 50 மில்லிமீட்டர், ஃபெண்டர் பாணியில் 52, 53. ஒரு மில்லிமீட்டர் தவறினால் ஒலியில் பெரிதாக ஒன்றும் ஆகாது, மூன்று தவறினால் ஓர ஸ்ட்ரிங்குகள் மெலியும்.
2. கால் நீளம். பிக்கப்பின் இருபுறமும் கீழே மடிந்த கால்கள் நீளமாகவும் வரும், குட்டையாகவும் வரும். நடுக்கட்டையில் தோண்டிய குழி ஆழம் குறைவாக இருந்தால் நீளக் கால் தரையில் முட்டும், பிக்கப் இறங்காது.
3. ஒயர். பின்னிய உலோக உறையோடு வரும் இரண்டு ஒயர் வகை பழைய பாணி. நாலு ஒயர் வகையில் காயிலைப் பிரிக்கலாம், இணையாக இணைக்கலாம். பிரிப்பதற்கென்று நாலு ஒயர் வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: மிதமாகச் சுற்றிய ஹம்பக்கரின் ஒரு காயில் சுமார் 4 கேதான், ஒலி பாதியாக இறங்கும். இணையாக இணைத்தால் இரைச்சலும் இருக்காது, தெளிவும் கிடைக்கும்.
4. ஃபேஸ். ஒன்றை மட்டும் மாற்றினால், அல்லது இரண்டு நிறுவனங்களைக் கலந்தால், நடு நிலையில் ஒலி குழாய்போல மெலிந்து அடிச்சுரம் காணாமல் போகலாம். இரண்டும் எதிரெதிராக வேலை செய்கின்றன என்று அர்த்தம்.

கடைசியாகச் சொன்னதைச் சால்டர் வைக்கும் முன்பே கண்டுபிடிக்கலாம். மல்ட்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து பிக்கப்பின் இரண்டு ஒயரில் பிடியுங்கள். ஸ்க்ரூ டிரைவரின் நுனியைத் திருகுகள் மேல் டக்கென்று வையுங்கள். எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும், பிறகு பழைய இடத்துக்கே வரும். அடுத்த பிக்கப்பிலும் அதே நிறத்து முனைகளை அதே மாதிரி பிடித்துச் செய்யுங்கள். இரண்டிலும் ஒரே பக்கம் போனால் ஃபேஸ் சரி. எதிரெதிராகப் போனால் நாலு ஒயர் பிக்கப்பில் ஒயரை மாற்றினால் முடிந்தது. பின்னிய உறை வகையில் அப்படி மாற்றக் கூடாது, மாற்றினால் மூடியே சிக்னல் முனையாகிவிடும், தொட்டால் இரையும். அதற்குக் காந்தப் பட்டையைத் திருப்பிப் போட வேண்டும், பழகியவரிடம் கொடுத்துச் செய்யுங்கள்.

## மாட்டும் வேலை

திடக்கட்டை கிட்டாரில் பின்னால் மூடியைக் கழற்றினால் பாட்கள் தெரியும். இதில் பின்மூடி கிடையாது. நாலு பாட், சுவிட்ச், ஜாக் எல்லாம் கூட்டுக்குள் தொங்குகின்றன, உள்ளே போக வழி எஃப் ஓட்டை அல்லது பிரிட்ஜ் பிக்கப் குழி. கிப்சன் ஆரம்பத்தில் முழு நடுக்கட்டை வைத்தது, பின்னர் பிரிட்ஜ் பிக்கப்புக்கு அடியில் கட்டையை வெட்டி ஒயர் வேலைக்கு வழி விட்டது. உங்களுடையது எது என்பதைப் பிரிட்ஜ் பிக்கப்பைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பாட்களின் நட்டைக் கழற்றுவதற்கு முன், ஒவ்வொரு பாட்டின் தண்டிலும் ஒரு நீளமான தடித்த நூலைக் கட்டுங்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு நிறம். பிறகு பாட்டை உள்ளே தள்ளி எஃப் ஓட்டை வழியாக வெளியே எடுங்கள். நூலின் மறுமுனை அந்தந்தத் துளையிலேயே வெளியே தொங்கட்டும். வேலை முடிந்ததும் நூலை மெல்ல இழுத்தால் பாட் தானாகத் தன் துளைக்கு வந்து நிற்கும். நூல் கட்டாமல் கழற்றியவர்கள் கம்பியை வளைத்துக்கொண்டு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைப்பார்கள்.

பாட்டையும் மாற்றுவதென்றால் ஆசியத் தயாரிப்புக் கிட்டார்களில் துளை சிறிதாக இருக்கும், அமெரிக்க அளவு பாட்டின் மரை 9.5 மில்லிமீட்டர், அது நுழையாது. துளையைப் பெரிதாக்கும்போது டிரில் போட்டால் மேல் பிளைவுட் பிளந்துவிடும், கையால் சுற்றும் ரீமர் போதும். குமிழும் மாறும், தண்டின் பற்கள் அமெரிக்கப் பாட்டில் 24, ஆசியப் பாட்டில் 18. இழுத்தால் சுவிட்சாகவும் வேலை செய்யும் புஷ் புல் பாட் நீளமானது, கூட்டின் உயரத்தை அளக்காமல் வாங்க வேண்டாம்.

சால்டர் முடிந்ததும் எதையும் உள்ளே தள்ளுவதற்கு முன், எல்லாம் வெளியே தொங்கும் நிலையிலேயே கேபிளைச் செருகி, ஆம்பைக் குறைவாக வைத்து, ஒவ்வொரு பிக்கப்பையும் ஸ்க்ரூ டிரைவரால் தட்டுங்கள். சுவிட்சின் மூன்று நிலையிலும், நாலு குமிழையும் திருப்பியும் பாருங்கள். கழற்றிய பழைய பிக்கப்பின் ஒயரைப் பாட்டின் அருகிலிருந்து சால்டரை உருக்கி எடுங்கள், பிக்கப் பக்கம் நறுக்கிவிட்டால் மறுபடி போடும்போது நீளம் எட்டாது. வளையமும் ஸ்பிரிங்கும் திருகும் சேர்த்து ஒரு பையில் போட்டு, நெக் எது பிரிட்ஜ் எது என்று எழுதி வையுங்கள். புது பிக்கப்போடு இரண்டு வாரம் வாசியுங்கள், பிறகு உயரத்தை மறுபடி அளந்து சரி செய்யுங்கள்.